வயிற்றுப் புண்ணும் கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரரும்

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியை நாள்தோறும் அழைத்து வருபவர் அவளுடைய பாட்டி. இளமையில் பால்மரம் வெட்டியவர். பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவர். சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் அவர் பள்ளி வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டார். தண்ணீர் தெளித்து உட்கார வைத்துக் கேட்டோம். "ஒண்ணுமில்லை வாத்தியாரையா, வெறும் காஸ்ட்ரிக். இருபது வருசமா இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடாத வயிறு, அவ்வளவுதான்" என்றார். மேலும் கேட்டபோதுதான், பத்து நாளாக மலம் தார் போலக் கறுத்துப் போகிறது என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அது வெறும் காஸ்ட்ரிக் அன்று. வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்தது; அதனோடு ஒரு கிருமியும் இருந்தது. "வயிற்றில் கிருமியா? அது எப்படி ஐயா?" என்று பாட்டி எங்களிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறோம்.

முதலில் அழற்சி என்றால் என்ன என்று பார்ப்போம். காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்த நான்கும் சேர்ந்ததே அழற்சி. இது நோயன்று, உடலின் காவல் வேலை. முள்ளோடு உள்ளே நுழைந்த கிருமிகளை எதிர்க்க, இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அந்த இடத்திற்கு ஓடிவருகின்றன. வேலை முடிந்ததும் திரும்பிவிடுகின்றன, புண் ஆறுகிறது.

தோட்டத்து ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். திருடன் வந்தால் தடியை எடுத்து விரட்டுகிறார். திருடன் போனபின் தடியைச் சுவரில் சாத்திவிட்டு அமர்கிறார். ஆனால் திருடன் போகாமல் வீட்டின் ஒரு மூலையிலேயே பதுங்கிக் கிடந்தால் என்ன ஆகும்? ஜாகா இரவும் பகலும் தடியைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். திருடன் மேல் விழுவது பாதி அடி; மீதி அடி வீட்டுச் சட்டி பானைகளின் மேல் விழும். இதுவே நாட்பட்ட அழற்சி. பதுங்கியிருப்பவன் செய்யும் கேட்டோடு, காவல்காரரின் தடியும் வீட்டை உடைக்கிறது.

நம் வயிற்றில் அப்படிப் பதுங்கிக் கிடக்கும் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருள் வடிவமானது. ஒரு மில்லிமீட்டரை 300 கூறாக வெட்டினால் அதில் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் நீளம்.

இரைப்பையில் சுரப்பது கடுமையான அமிலம். அதில் எந்தக் கிருமியும் நிலைத்து வாழ முடியாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. புண்ணுக்குக் காரணம் மிளகாய், கவலை, காலம் தவறிய உணவு என்றார்கள். பாலும் கஞ்சியும் குடிக்கச் சொன்னார்கள். முற்றினால் இரைப்பையில் ஒரு பகுதியையே அறுத்தெடுத்தார்கள்.

1979-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்னும் நோயியல் மருத்துவர், நோயாளிகளின் இரைப்பைத் திசுவை நுண்பெருக்கியில் பார்த்தபோது வளைந்த கிருமிகளைக் கண்டார். அவை இருந்த இடங்களில் எல்லாம் அழற்சியும் இருந்தது. 1981-இல் பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கிருமியைத் தட்டுகளில் வளர்க்க முயன்றார்கள்; வளரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டுகளைக் கழுவிவிடுவது ஆய்வகத்தின் வழக்கம். 1982-இல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. கழுவ ஆளில்லாமல் தட்டுகள் கூடுதல் நாட்கள் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அது மெதுவாக வளரும் கிருமி; அதற்கு வேண்டிய காலத்தை அதுவரை யாரும் கொடுக்கவில்லை.

அப்போதும் பலர் நம்பவில்லை. ஆகவே 1984-இல் மார்ஷல், தம் வயிறு நலமாக இருப்பதைக் குழாய்ச் சோதனையால் உறுதி செய்துகொண்டு, கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாட்களில் வயிறு உப்பியது, வாந்தி வந்தது. மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பைச் சுவர் அழன்று கிடந்தது. கிருமியும் அங்கே இருந்தது. 2005-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

அமிலத்தில் அக்கிருமி எப்படி உயிர் வாழ்கிறது? நம் உடலில் யூரியா என்னும் கழிவுப்பொருள் உண்டு. இக்கிருமி அதைச் சிதைத்து அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அம்மோனியா, அமிலத்தின் கடுமையைத் தன்னைச் சுற்றி மட்டும் தணித்துவிடுகிறது. பிறகு கிருமி, இரைப்பைச் சுவரின் மேல் படிந்திருக்கும் சளிப் படலத்துக்குள் துளைத்துப் போய்க் குடியமர்கிறது. ஜாகாவின் தடி அங்கே எட்டுவதில்லை. ஆண்டுக்கணக்காக அழற்சி தொடர்கிறது. சிலருக்கு அந்த இடம் புண்ணாகிறது.

நேயர்களே, இது எங்கோ பெர்த் நகரத்துச் செய்தியன்று. இதில் நமக்கென்று ஒரு பங்கு உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சிறிது தொலைவில், லெம்பா பந்தாயில் இருக்கிறது மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கே பேராசிரியர் கோ கியான் லீ, நுண்ணுயிரியல் பேராசிரியர் பராசக்தி நவரத்தினம் முதலியோர் 1990-ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தார்கள். வயிற்றுக் கோளாறென்று வந்து குழாய்ச் சோதனை செய்துகொண்டவர்களுள் இந்தியர்களில் 100-க்கு ஏறக்குறைய 60 பேரிடம் இக்கிருமி இருந்தது. சீனர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருந்தது. மலாய்க்காரர்களில் 100-க்கு 20 பேருக்கும் குறைவு. ஒரே நாடு, ஒரே தண்ணீர், ஒரே காற்று. ஆனால் இவ்வளவு வேறுபாடு!

இதன் காரணத்தை ஆராய்ந்தவர்கள் கிருமியின் மரபணுவையே படித்துப் பார்த்தார்கள். 2009-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளரும் மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒரு வியப்பான செய்தியைச் சொல்கிறது. மலேசிய இந்தியரிடம் இருக்கும் கிருமி, இந்தியாவிலுள்ள கிருமியின் வழிவந்தது. மலாய்க்காரரிடம் காணப்படும் கிருமியும் பெரும்பாலும் அதே வழியைச் சேர்ந்தது. அண்மைக் காலத்தில்தான் அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கிய நம் முன்னோர், துணி மூட்டையோடும் அம்மிக் குழவியோடும் தமக்கே தெரியாமல் இந்தக் குடித்தனக்காரரையும் வயிற்றில் சுமந்து வந்திருக்கிறார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இக்கிருமி மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருவது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்துக்குள்ளேயே, முக்கியமாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுகிறது. ஓரறை லயத்தில் ஆறேழு பேர் நெருக்கியடித்துப் படுத்த காலத்தில், ஒரே செம்பில் நீர் மொண்டு குடித்த காலத்தில், அது எளிதாகப் பரவியது. குற்றம் தாயுடையதன்று, நெருக்கடியுடையது. வீடும் தண்ணீரும் கழிப்பிடமும் சீர்ப்பட்டபோது கிருமியும் குறைந்தது. அதே மருத்துவமனையில் 1989, 1990-ஆம் ஆண்டுகளில் சோதிக்கப்பட்டவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருந்த கிருமி, இருபது ஆண்டுகள் கழித்துப் பத்தில் ஒருவரிடமே காணப்பட்டது. புண்களும் அவ்வாறே குறைந்தன. ஆயினும் பழைய லயங்களில் வளர்ந்த நம் தாய் தந்தையர், தாத்தா பாட்டியர் வயிற்றில் அது இன்னும் இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீண்டகால அழற்சி சிலருக்கு இரைப்பைப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இக்கிருமியைப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதற்பிரிவில் சேர்த்தது. ஆனால் நம் நாட்டில் ஒரு புதிர் இருக்கிறது. கிருமி மிகுதியாக இருப்பது இந்தியரிடம். இரைப்பைப் புற்றுநோய் மிகுதியாக வருவது சீனரிடம். ஆகவே கிருமி ஒன்று மட்டுமே நோயை முடிவு செய்வதில்லை. எந்த வழிவந்த கிருமி, எத்தகைய உடல், என்ன உணவு என்ற மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணே வருவதில்லை. ஆகவே பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் போகவேண்டும்? வயிற்று எரிச்சல் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் போகவேண்டும். மலம் தார் போலக் கறுத்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, விழுங்க முடியாமற் போனாலோ அன்றைக்கே போகவேண்டும். கடையில் வாங்கும் பொடி எரிச்சலை அடக்கும், கிருமியை அடக்காது. மேலும், உடல்வலிக்கென்று நாள்தோறும் விழுங்கும் வலிமாத்திரைகளில் பல வயிற்றுச் சுவரை அரிக்கும் தன்மையுடையவை. புண்ணுக்கு அவை மற்றொரு பெருங்காரணம். முதுகு வலிக்கிறதென்று மாத்திரையும், மாத்திரையால் வயிறு எரிகிறதென்று பொடியுமாகக் காலம் தள்ளுவோர் நம்மிடையே பலர். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிருமியைக் கண்டுபிடிக்க எப்போதும் குழாய் விடவேண்டும் என்பதில்லை. மூச்சுச் சோதனை ஒன்று உண்டு. அடையாளமிட்ட யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். வயிற்றில் கிருமி இருந்தால் அதைச் சிதைக்கும். அடையாளமிட்ட கரியமில வாயு மூச்சில் வெளிவரும். மூச்சைப் பையில் பிடித்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். மலச் சோதனையும் உண்டு.

கிருமி இருப்பது உறுதியானால் அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஒன்றும், கிருமியைக் கொல்லும் மருந்துகள் இரண்டோ அதற்கு மேலோ கொடுப்பார்கள். பெரும்பாலும் 14 நாள் சாப்பிடவேண்டும். வாய் கசக்கும், சிலருக்கு இரும்பை நக்கியது போல இருக்கும், வயிறு சற்று இளகும். நம் பாட்டி இங்கேதான் தவறினார். ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றுவிட்டது. "நோய் போய்விட்டது, கசப்பு எதற்கு?" என்று மீதி மாத்திரைகளைப் பேத்திக்குத் தெரியாமல் தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டார். மறுசோதனையில் கிருமி அப்படியே இருந்தது. பாதி மருந்தில் பிழைத்த கிருமி, மருந்தைத் தாங்கப் பழகிவிடக்கூடும். ஆகவே இரண்டாம் முறை வேறு மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. இம்முறை பேத்தியே சுவரில் ஒரு தாளை ஒட்டி, வேளைக்கு ஒரு கோடு போட்டு, 14 நாளும் பாட்டியை விழுங்க வைத்தாள். அதன்பின் செய்த சோதனையில் கிருமி இல்லை.

இந்த மருந்துகளுள் சில, மதுவோடு சேர்ந்தால் கடும் வாந்தியையும் படபடப்பையும் உண்டாக்கும். ஆகவே மருந்து எடுக்கும் நாட்களிலும், அதன்பின் மருத்துவர் சொல்லும் வரையிலும் கள்ளோ சம்சுவோ தொடக் கூடாது. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடியும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், "கிருமி என்றாலே பகைதானே, எல்லாவற்றையும் ஒழித்துவிடலாமே" என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வளவுதான். பெரும்பகுதி பெருங்குடலில் வாழ்கிறது. நாம் செரிக்க முடியாத கீரை நாரையும் பயற்றுத் தோலையும் அவை உண்டு, நம் குடற்சுவருக்கு உணவாகும் அமிலங்களாக மாற்றித் தருகின்றன. தீய கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் தடுக்கின்றன. ஜாகாவுக்கு, யார் வீட்டுக்காரர், யார் திருடர் என்று சிறு வயதிலிருந்தே பழக்கிக் கொடுப்பவையும் இவைதாம்.

இந்தப் பழக்கம் குலைந்தால் ஜாகா வீட்டுக்காரரையே அடிக்கத் தொடங்குகிறார். அப்படி வருவனவே பெருங்குடல் அழற்சிப் புண், குரோன் நோய் என்னும் இரண்டு நோய்களும். இவற்றுக்கு ஒரு தனிக் கிருமியைக் குற்றவாளியாகக் காட்ட முடியாது. பிறவிக் கூறு, உணவு, சூழல் இவற்றோடு, குடலில் வாழும் கிருமிகளின் வகை குறைந்துபோவதும் சேர்ந்து இந்நோயை உண்டாக்குவதாக அறிஞர் கருதுகிறார்கள். இங்கேயும் நமக்குச் செய்தி உண்டு. கோலாலம்பூரிலும் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கிலும் நடந்த ஆய்வுகளில், மூவினத்தாருள் இந்தியருக்கே இந்நோய் மிகுதி என்று தெரியவந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய தெற்காசிய மக்களிடமும் பெருங்குடல் அழற்சி மிகுதியாகக் காணப்பட்டது. ஊர் மாறி உணவு மாறும்போது குடலின் குடித்தனமும் மாறுகிறது போலும்.

ஆகவே, மலத்தில் இரத்தமும் சளியும் வாரக்கணக்கில் போனால் மூலம் என்றோ, சீதபேதி என்றோ, உடற்சூடு என்றோ நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. இந்நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் நன்றாகவே உண்டு. அவற்றை நிறுத்தாமல் சாப்பிடுவோர் பள்ளிக்கும் போகலாம், வேலைக்கும் போகலாம், பிள்ளை பெற்று வளர்க்கவும் செய்யலாம்.

நல்ல கிருமிகளைப் பேண நாம் என்ன செய்யலாம்? செலவு அதிகமில்லை. தோட்டத்தில் இருந்தபோது லயத்தின் பின்புறம் முருங்கையும் பசலையும் வெண்டையும் இருந்தன. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் அடுக்குமாடிக்குக் குடிவந்தபின் மூன்று நிமிட மீயும் டின்பால் தேநீருமே பிள்ளைகளின் உணவாகிவிட்டன. கீரை, பயறு, பருப்பு, காய்கறி ஆகியவற்றை நாள்தோறும் சேருங்கள். மோரும் தயிரும் நல்லவை. நம் பழஞ்சோற்றையும் மறந்துவிட வேண்டாம். கொதித்தாறிய நீரில், சுத்தமான சட்டியில், மூடி வைத்து ஓரிரவு ஊறிய சோற்றில் புளிப்பூட்டும் நல்ல பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியார் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று ஆராயத் தொடங்கியிருக்கிறார்கள். அதுவே மருந்து என்று சொல்லிவிட இன்னும் காலம் வரவில்லை; ஆகவே பழைய சோற்றை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மற்றொன்று, கிருமிக்கொல்லி மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வாங்காதீர்கள். சாதாரணச் சளிக்கு அது பயன்படாது; குடலிலுள்ள நல்லவரையும் சேர்த்து அழிக்கும். வேண்டியபோது மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் சாப்பிடுங்கள், வேண்டாதபோது தொடாதீர்கள். சாப்பிடும் முன்னும் கழிப்பறைக்குப் போனபின்னும் சோப்பினால் கை கழுவுங்கள். சோற்றை நாம் மென்று குழந்தைக்கு ஊட்டும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். கையால் நன்றாக மசித்து ஊட்டினால் போதும்.

அந்தப் பாட்டி இப்போதும் காலையில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறார். முகத்தில் இரத்தம் ஊறியிருக்கிறது. "இருபது வருசம் என் விதியென்று நினைத்திருந்தேன் ஐயா, பதினாலு நாள் மாத்திரையில் போய்விட்டதே" என்று அன்று சொன்னார். நேயர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி விதியென்று பொறுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கலாம். இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, "வயிறு எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "வெறும் காஸ்ட்ரிக்" என்று விடை வந்தால், எவ்வளவு காலமாக என்று மறுபடியும் கேளுங்கள்.